புளிப்பிலுமா போலி?

பாலில் தண்ணீர் கலப்பது நமக்குத் தெரியும். மிளகில் பப்பாளி விதை கலப்பதும் தெரியும். மஞ்சள் பொடியில் சாயம், தேனில் சர்க்கரைப் பாகு என்று எத்தனையோ பார்த்தாகிவிட்டது. ஆனால் புளிப்பில்கூடப் போலி உண்டு என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். ரொட்டியையே ஆகாரமாகக் கொண்ட தேசங்களில் இந்த விஷயம் வெகு நாளாக அடிபட்டுக்கொண்டிருக்கிறது.

'சவர்டோ' என்ற புளித்த மாவு ரொட்டி இப்போது சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களின் பேக்கரிகளிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கருகினாற்போல் மேல் தோல். அதன் மீது கத்தியால் கீறிய கோலம். மாவு தூவிய மேனி. விலையைக் கேட்டால் சாதாரண ரொட்டியைப்போல் மூன்று மடங்கு, நாலு மடங்கு! "அப்படி இதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். கொடுக்கிற காசுக்குக் கிடைப்பது அசலா, அசல்போல் வேஷம் கட்டிய சாதா ரொட்டியா என்று கண்டுபிடிக்கிற வித்தையை இங்கே பார்ப்போம். பயப்பட வேண்டாம், இட்லிக்கு அரைத்துப் பழகிய நமக்கு இந்த வித்தையில் பாதி ஏற்கெனவே தெரியும்.

நேரம்தான் சரக்கு

சாதாரண ரொட்டி உப்புவது கடையில் விற்கும் ஈஸ்ட்டினால். அதைப் போட்டுப் பிசைந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். அசல் சவர்டோவின் வழி வேறு. கோதுமை மாவையும் தண்ணீரையும் குழைத்து வைத்து, தினமும் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேர்த்து வருவார்கள். மாவிலேயே இருக்கும் நுண்ணுயிர்கள் சில நாட்களில் பெருகி, நுரைத்துக்கொண்டு வரும். இதை உறை மாவு என்று வைத்துக்கொள்வோம். தயிருக்கு உறை குத்துகிற மாதிரி, இதில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் சேர்த்துப் பிசைந்து, பல மணி நேரம் காத்திருந்து, பிறகு அடுப்பில் வைக்கிறார்கள். ராத்திரி முழுதும் குளிரில் வைத்து மறுநாள் சுடுகிறவர்களும் உண்டு. மாவு, தண்ணீர், உப்பு, சாமான் இவ்வளவுதான். மற்றதெல்லாம் நேரம்!

இட்லி மாவைப் பொங்க வைப்பதில் லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவின் பங்கைப்பற்றி 1965-ல் ஓர் அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகையில் ஆராய்ச்சி வெளியாயிற்று. அதே பத்திரிகையில் 1971-ல், சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் பெயர்பெற்ற புளித்த ரொட்டியைப்பற்றிய ஆராய்ச்சியும் வந்தது. அந்த ரொட்டி மாவில் ஒரு ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. பாக்டீரியாவுக்குப் பிடித்த சர்க்கரை மால்ட்டோஸ்; அந்த ஈஸ்ட்டோ மால்ட்டோஸைத் தொடுவதே இல்லை. ஆகவே பந்தியில் சண்டையே கிடையாது! ஈஸ்ட் மாவை உப்ப வைக்கிறது. பாக்டீரியா புளிப்பைக் கொடுக்கிறது.

அந்த நகரத்தில் 1849-ல் தொடங்கிய பூடீன் என்ற ரொட்டிக்கடை இன்னும் நடக்கிறது. 1906-ல் பெரும் பூகம்பம் வந்தபோது, கடையைக் கவனித்து வந்த லூயிஸ் என்ற அம்மாள் உறை மாவை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு காப்பாற்றினாள் என்று அந்தக் கடைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். உறை மாவுக்கு அவ்வளவு மதிப்பு!

போலி பிறந்த கதை

1961-ல் இங்கிலாந்தில் சார்லிவுட் என்ற ஊரிலிருந்த ஆராய்ச்சி நிலையம் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தது. மாவை யந்திரத்தில் அதிவேகமாக அடித்துச் சில நிமிஷங்களிலேயே பதப்படுத்திவிடலாம். மணிக்கணக்கில் புளிக்கவைத்துக் காத்திருக்க வேண்டாம். ரொட்டி மிருதுவாகவும் மலிவாகவும் வந்தது. நாலு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை யார் வேண்டாம் என்பார்கள்?

பிற்பாடு ஜனங்களுக்குப் பழைய ரொட்டியின் ருசியில் மறுபடி ஆசை வந்தது. கூடுதல் விலை கொடுக்கவும் தயாரானார்கள். விலை உயர்ந்த இடத்தில் குறுக்கு வழி முளைப்பதற்குக் கேட்பானேன்? கடை ஈஸ்ட்டைப் போட்டுச் சீக்கிரம் பொங்க வைத்து, புளிப்புக்கு வினிகரோ அமிலமோ, உலர்த்திய புளித்த மாவுப் பொடியோ சேர்த்து, 'சவர்டோ' என்று சீட்டு ஒட்டி விற்கத் தொடங்கினார்கள் சிலர்.

ரவா இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். தயிரின் புளிப்பு இருக்கிறது, சோடா உப்பினால் மென்மையும் வருகிறது. பண்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுவந்து, "ராத்திரி முழுதும் புளித்த மாவு" என்று சொல்லி இரட்டை விலை கேட்டால் சும்மா விடுவீர்களா?

இங்கிலாந்தில் 2008-ல் தொடங்கிய 'ரியல் பிரெட் காம்பெய்ன்' என்ற இயக்கத்தார் இப்படிப்பட்ட ரொட்டிக்கு 'சவர்ஃபோ' என்று பட்டப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். 'ஃபோ' என்றால் பிரெஞ்சு மொழியில் போலி. 2018-ல் அங்கே 'விச்' என்ற நுகர்வோர் பத்திரிகை, பெரிய கடைகளில் விற்ற 19 சவர்டோ ரொட்டிகளை ஆராய்ந்தது. பழைய முறைப்படி செய்தவை நாலே நாலு!

பிரான்சு தேசத்தார் இதில் முந்திக்கொண்டுவிட்டார்கள். 1993-ஆம் வருஷத்து உத்தரவு ஒன்றில், புளித்த மாவு ரொட்டி என்று பெயர் சொல்லி விற்க வேண்டுமானால் புளிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளவே போட்டுவிட்டார்கள். பி.எச். என்ற அளவு 4.3-க்கு மேல் போகக்கூடாது; ஒரு கிலோவுக்கு 900 மில்லிகிராமாவது அசெட்டிக் அமிலம் இருக்க வேண்டும். அந்த அமிலம் மாவுக்குள்ளேயே உண்டானதாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். புட்டியிலிருந்து ஊற்றினால் செல்லாது! கடைசிப் பிசைதலில் மாவின் எடையில் 0.2 சதவிகிதம் வரை கடை ஈஸ்ட் சேர்க்க அந்த உத்தரவு இடம் கொடுக்கிறது. ஆகவே ஈஸ்ட் என்ற ஒரு வார்த்தையைக் கண்டதுமே "மோசடி!" என்று கூச்சல் போடவும் கூடாது. பிறக்கிற புளிப்பா, ஊற்றுகிற புளிப்பா என்பதுதான் கேள்வி.

சீட்டைப் படியுங்கள்

உறையிட்ட ரொட்டியானால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்று வரிசையாக அச்சிட வேண்டுமென்பது நம் நாட்டுச் சட்டம். மாவு, தண்ணீர், உப்பு, உறை மாவு என்று நாலு வார்த்தையில் முடிந்தால் சந்தோஷம். எள், ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் சேர்ந்திருந்தாலும் பாதகமில்லை.

ஐ.என்.எஸ். 260 என்றிருந்தால் அசெட்டிக் அமிலம். 270 என்றால் லாக்டிக் அமிலம். 330 என்றால் சிட்ரிக் அமிலம். உண்மையாகவே மாவு புளித்திருந்தால் இந்தப் புளிப்புகளைத் தனியாக வாங்கிச் சேர்ப்பானேன்? 282 என்பது பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் போடும் கால்சியம் புரோபியனேட். இவையெல்லாம் சட்டம் அனுமதித்த பொருள்கள்தான், விஷமல்ல. ஆனால் நாலு மடங்கு விலைக்கு இவை நியாயம் சொல்ல மாட்டா.

'கோதுமை சவர்டோ' என்று முகப்பில் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்னால் முதல் வார்த்தையாக மைதா இருக்கிறதா என்றும் பாருங்கள். பழுப்பு நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். 150 என்ற எண் இருந்தால் அந்த நிறம் காரமல் கொடுத்தது!

கண்ணும் மூக்கும் கையும்

சீட்டில்லாத ரொட்டியானால் புலன்களை நம்ப வேண்டியதுதான். தூக்கிப் பாருங்கள்: அளவுக்கு மிஞ்சிய கனம் தெரியும். மேல் தோல் தடித்து, நன்றாகச் சிவந்து, அங்கங்கே சிறு கொப்புளங்களோடு இருப்பது நல்ல அடையாளம். வெட்டிய துண்டின் உட்புறம் வெள்ளை வெளேரென்று இல்லாமல் சற்றே தந்த நிறமாக இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் மெல்ல எழும்பும்.

பெரிய பெரிய ஓட்டை இருந்தால்தான் அசல் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஓட்டை என்பது தண்ணீர் எவ்வளவு சேர்த்தார்கள், மாவை எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்தது. கம்பு போன்ற 'ரை' தானியத்தில் செய்யும் ரொட்டி அசல் புளிப்போடும் நெருக்கமாகவே இருக்கும்.

வாசனை பாருங்கள். தயிரும் பழமும் கலந்தாற்போன்ற இதமான மணம் வரவேண்டும். மூக்கில் 'சுள்'ளென்று வினிகர் குத்தினால் சந்தேகப்படுங்கள். அதிகப் புளிப்பும் அசலுக்கு அத்தாட்சியல்ல. கைதேர்ந்தவர் செய்த ரொட்டியில் புளிப்பு அடக்கமாகவே இருக்கும், நல்ல தோசையில் இருப்பதுபோல்.

வாயைத் திறந்து கேளுங்கள்

எல்லாவற்றையும்விட நல்ல சோதனை, கடைக்காரரிடம் கேட்பதுதான். மூன்றே கேள்விகள். "உறை மாவு உங்களுடையதா? பிசைந்து எத்தனை மணி நேரம் கழித்துச் சுடுகிறீர்கள்? ஈஸ்ட் சேர்ப்பதுண்டா?" தானே செய்கிறவர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார், உறை மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் காட்டுவார். "அதெல்லாம் கம்பெனியிலிருந்து வருகிறது, அம்மா" என்று பதில் வந்தால் விஷயம் விளங்கிவிட்டது.

உடம்புக்கு நல்லதா?

மாவு நெடுநேரம் புளிப்பதால், தானியத்திலுள்ள இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துக்கள் உடம்பில் ஒட்டவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைகிறது. சிலருக்கு வயிற்று உப்புசம் தரும் ஃபிரக்டான் என்ற சர்க்கரைப் பொருளும் குறைகிறது. இந்த நன்மைகளைத் தருவது நேரம், வினிகர் அல்ல. போலியை வாங்கினால் காசோடு இவையும் போயின.

அதற்காக இதை மருந்தாக்கிவிடாதீர்கள். "உயிருள்ள பாக்டீரியா நிறைந்தது" என்று விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அடுப்புச் சூட்டில் அவை பிழைப்பதில்லை. வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருந்தால், "புளித்த ரொட்டிதானே" என்று நாலு துண்டு வைத்துவிட வேண்டாம். புளித்தாலும் மைதா மைதாதான், அளவு முக்கியம். குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிக்கோ, கோதுமையில் செய்த அசல் சவர்டோவும் ஆகாது. "இதில் குளூட்டன் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் இது விளையாட்டல்ல.

வாங்கி வந்த ரொட்டியைக் குளிர்ப்பெட்டியின் சாதாரணத் தட்டில் வைக்காதீர்கள். வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டு போகும். ஓரிரு நாளைக்குத் துணியில் சுற்றி வெளியே வைக்கலாம். மிச்சத்தைத் துண்டு போட்டு உறைபனிப் பகுதியில் வைத்து, வேண்டியபோது எடுத்துத் தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம்.

மூடியைத் திறந்த மாத்திரத்தில், "இன்னும் ரெண்டு மணி நேரம் போகட்டும்" என்று மாவைப்பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் நீங்கள். அந்த மூக்கையும் கையையும் ரொட்டிக்கடைக்கும் அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற விலை புளிப்புக்கல்ல, காத்திருந்த நேரத்துக்கு. காத்திருக்காதவருக்கு அந்தக் கூலியை ஏன் கொடுக்க வேண்டும்?