மேகக் கணிமைப் பயன்பாட்டு முறைகள்

மேகக் கணிமை என்பது வழங்கி, சேமிப்பகம், தரவுத்தளம் முதலிய கணினி வளங்களை விலைக்கு வாங்காமல், இணையம் வழியாக வாடகைக்குப் பெறும் முறையாகும். பயன்படுத்திய அளவுக்கே கட்டணம் செலுத்தப்படுகிறது. 2006 ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் எஸ்3 சேமிப்பகத்தையும் இசி2 வழங்கிகளையும் அறிமுகப்படுத்திய பின்னர் இது பரவலானது. புதியவரும் அனுபவம் மிக்க பொறியாளரும் வாங்குவது ஒரே சேவைகளைத்தான். ஆயினும் புதியவர் வாடகை வழங்கியைத் தம் சொந்தக் கணினியைப் போல நிலையானதாகக் கருதுகிறார். அனுபவமுள்ளவர் அது எந்நேரமும் நின்றுபோகலாம் என்று கொண்டே அமைப்பை வடிவமைக்கிறார்.

இடத் தெரிவு

கொல்லிமலையிலிருந்து பயிற்சி செய்யும் மாணவர் ஒருவர், திரையில் முதலில் தோன்றும் அமெரிக்கத் தரவு மையத்தையே தெரிவு செய்துவிடக்கூடும். அங்கு சென்று திரும்ப ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறத்தாழக் கால் நொடி ஆகும். சென்னையில் மைக்ரோசாப்ட் (2015), மும்பையில் அமேசான் (2016) ஆகியவை மையங்களைத் தொடங்கியுள்ளதால் இத்தாமதம் தேவையற்றது.

பளுவைக் கையாளுதல்

2019 சூலையில் நடந்த உலகக்கிண்ணத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதின. அமேசான் மேகத்தில் இயங்கிய ஹாட்ஸ்டார் தளத்தில் அதனை ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தனர். பளு கூடினால் வழங்கிகள் தாமாகவே பெருகும் வசதி மேகத்தில் உண்டு. புதியவர் அதையே நம்புவார். ஆனால் புதிய வழங்கி ஆயத்தமாக ஆகும் நேரத்திற்குள் பார்வையாளர் லட்சக்கணக்கில் குவிந்துவிடுவர். எனவே ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் போதிய வழங்கிகளை முன்கூட்டியே இயக்கி வைத்தனர். செயற்கைப் பயனர்களை ஏவித் தளத்தைப் பலமுறை சோதித்தும் இருந்தனர்.

தோனி ஆட்டமிழந்ததும் பார்வையாளர் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. பளு குறைந்தால் ஆபத்தில்லை என்றே தோன்றும். ஆனால் நிகழ்படத்திலிருந்து பின்செல்லும் ஒவ்வொருவரும் முகப்புப் பக்கத்தில் வந்து நிற்பர். அதன் பளு அக்கணமே பெருகும். வழங்கிகளை அவசரமாகக் குறைக்கும் அமைப்பு இங்குதான் முடங்கும். நெருக்கடியில் பரிந்துரைகள் போன்ற துணை வசதிகளை நிறுத்தி, நிகழ்படத்தை மட்டும் காப்பதும் இத்தகைய தளங்களின் வழக்கமாகும்.

செயலிழப்பு

பெருநிறுவன மையங்களும் வீழ்வதுண்டு. 2017 பெப்ரவரி 28 அன்று பொறியாளர் ஒருவர் தவறாக உள்ளிட்ட ஆணையால் அமேசானின் வர்ஜீனியா மையத்தில் எஸ்3 சேவை சில மணி நேரம் நின்றது. சேவைகளின் நிலையைக் காட்டும் அமேசானின் பக்கமே எஸ்3-ஐச் சார்ந்திருந்ததால், பழுதை அதில் உடனே அறிவிக்க இயலவில்லை! ஒரே மையத்தைச் சாராதிருப்பது இதனாலேயே வலியுறுத்தப்படுகிறது.

செலவு

பயிற்சி முடிந்தும் அணைக்கப்படாத வழங்கிக்குக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். இரகசியத் திறவுச்சொல்லை நிரலுடன் பொதுவெளியில் பதிவேற்றினால், பிறர் அதைக் கொண்டு நாணய அகழ்வு செய்து பெருந்தொகையை ஏற்றிவிடுவர். அனுபவமுள்ளவர் முதல் வழங்கியைத் தொடங்கும் முன்பே செலவு எச்சரிக்கையை அமைக்கிறார். அமேசானில் இவ்வெச்சரிக்கை பொதுவாக மின்னஞ்சல் மட்டுமே அனுப்பும். வழங்கியைத் தானாக நிறுத்த வேண்டுமெனில் அதனைத் தனியே அமைத்தல் வேண்டும்.