எதிர்காலத்தின் பெயரால்: ஹெர்சனும் ருஷ்யப் புத்திஜீவிகளின் சுதந்திர விவாதமும்

'இன்டெலிஜென்ட்ஸியா' எனும் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குப் பெரும்பாலும் ருஷ்ய மொழியின் வழியாகவே பரவியது. அது வெறுமனே கற்றவர்களைச் சுட்டும் சொல்லன்று. தாம் பெற்ற கல்விக்காகக் கல்வியற்ற மக்களுக்குக் கடன்பட்டிருப்பதாக உணர்ந்தோரையே அது குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்யாவில் பாராளுமன்றம் இருக்கவில்லை. அரசியல் கட்சிகள் இருக்கவில்லை. தணிக்கையோ கடுமையாக இருந்தது. ஆகவே, பிற நாடுகளில் சட்டசபைகளில் நிகழ்ந்த விவாதங்கள் அங்கு நாவல்களிலும் இலக்கிய விமர்சனங்களிலும் நிகழ்ந்தன. 1836 இல் பியோத்தர் சாதாயேவ் தனது நாட்டின் வரலாற்று வறுமையைச் சாடி ஒரு கடிதத்தைச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டபோது, முதலாம் நிக்கலஸ் மன்னர் அவரைப் பைத்தியக்காரரென அறிவிக்கச் செய்தார், சஞ்சிகை மூடப்பட்டது.

இச்சூழலில் உருவான சிந்தனையாளர்களுள் அலெக்ஸாண்டர் ஹெர்சன் (1812–1870) தனியே நோக்கத்தக்கவர். மேற்கைப் பின்பற்றுவதா, ருஷ்ய மரபுக்கு மீள்வதா என்பதே அக்காலத்தின் பெரும் சர்ச்சை எனப் பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. எனினும், அதைவிட ஆழமான வினாவொன்றை எழுப்பியவர் இவரே: நாளைய மனிதனின் விடுதலைக்காக இன்றைய மனிதனைச் செலவிடும் உரிமை எவருக்கு உண்டு?

மொஸ்கோவின் செல்வந்தப் பிரபு ஒருவருக்கும் ஜெர்மனியப் பெண்ணொருவருக்கும் முறைப்படியான திருமணமின்றிப் பிறந்தவர் ஹெர்சன். 1825 டிசம்பரில் எதேச்சாதிகாரத்துக்கு எதிராகக் கிளர்ந்த இராணுவ அதிகாரிகளுள் ஐவர் மறு ஆண்டில் தூக்கிலிடப்பட்டனர். அச்செய்தி பதின்பருவத்து ஹெர்சனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அவரும் நண்பர் ஒகாரியோவும் தம் வாழ்வை விடுதலைக்கு அர்ப்பணிப்பதாக மொஸ்கோவின் குன்றொன்றில் நின்று உறுதி பூண்டனர். 1834 இல் கைது, அதனைத் தொடர்ந்து உள்நாட்டு நாடுகடத்தல் என அடுத்த சில ஆண்டுகள் கழிந்தன. 1847 இல் ருஷ்யாவை விட்டு வெளியேறிய அவர் மீண்டும் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை.

அவரது சிந்தனையின் திருப்புமுனை 1848 ஆம் ஆண்டின் பாரிஸ் நகரமாகும். பெப்ரவரியில் மன்னராட்சியை வீழ்த்திப் பிறந்த குடியரசு, அதே ஆண்டு ஜூனில், வேலையும் உணவும் கேட்டெழுந்த தொழிலாளர்களைப் பீரங்கிகளால் அடக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சுதந்திரம், சமத்துவம் எனும் சொற்களை உச்சரித்தவாறே இக்கொலைகள் நிகழ்ந்தமையே ஹெர்சனை உலுக்கியது. 'மறு கரையிலிருந்து' என்ற அவரது நூல் இவ்வதிர்ச்சியின் விளைவாகும். வரலாறு முன்கூட்டியே எழுதப்பட்ட நாடகமன்று. அதற்குக் கட்டாயமான முடிவெதுவும் இல்லை என்பது அவரது வாதம். ஒவ்வொரு தலைமுறையின் வாழ்வும் தன்னளவில் ஒரு நோக்கமாகும். பின்வருவோருக்கான படிக்கட்டாக அதனைக் கருதலாகாது. எட்டாத் தொலைவிலுள்ள இலக்கை அவர் இலக்காகவே ஏற்கவில்லை. அது ஏமாற்று என்றார். 'முன்னேற்றம்', 'தேசம்', 'மானிடம்' போன்ற கருத்துகளும் உயிர்ப்பலி கேட்கும் விக்கிரகங்களாக மாறக்கூடும் என அவர் எச்சரித்தார்.

இதனைச் செயலின்மைக்கான நியாயமாகக் கொள்வது தவறு. 1853 இல் லண்டனில் சுதந்திர ருஷ்ய அச்சகத்தை நிறுவினார். 1857 முதல் ஒகாரியோவுடன் இணைந்து வெளியிட்ட 'கோலகொல்' (மணி) இதழ் ருஷ்யாவினுள் இரகசியமாகக் கடத்தப்பட்டது. அரச உயர்மட்டத்தினரும் அதனை வாசித்தனர். 1861 இல் இரண்டு கோடிக்கும் அதிகமான பண்ணையடிமைகள் சட்டப்படி விடுவிக்கப்பட்டனர். ஆயினும், தமக்குக் கிடைத்த நிலத்துக்காக 49 ஆண்டுகள் மீட்புத் தொகை செலுத்தும் சுமை அவர்கள் மீது விழுந்தது. தொடக்கத்தில் மன்னரைப் பாராட்டிய ஹெர்சன் விரைவில் கசப்படைந்தார். விவசாயிகளின் கிராமச் சமுதாயம் தனிமனித சுதந்திரத்துடன் இணைந்து ருஷ்யாவைச் சமதர்மத்துக்கு இட்டுச் செல்லும் என்ற அவரது நம்பிக்கை எமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. அச்சமுதாயம் நிலத்தைப் பகிர்ந்தளித்தது உண்மையே. ஆனால் வரிக்கு அனைவரையும் கூட்டாகப் பொறுப்பாக்கி, உறுப்பினர் விரும்பியவாறு வெளியேறுவதைத் தடுத்ததும் அதுவே. தூரத்திலிருந்து பார்த்தவருக்கு அதன் தோழமை தெரிந்தது, விலங்கு தெரியவில்லை.

1863 இல் போலந்து மக்கள் ருஷ்ய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தபோது ஹெர்சன் அவர்கள் பக்கம் நின்றார். பிற மக்களை அடிமைப்படுத்தும் நாடு தான் விடுதலை பெற முடியாது என்பது அவர் நிலைப்பாடு. தேசப்பற்று அலையில் தாராளவாத வாசகர்கள் அவரைக் கைவிட்டனர். இதழின் விற்பனை சரிந்தது. 1867 இல் அது நின்றது. மறுபுறம், இளைய தீவிரவாதிகளுக்கு அவர் பழையவராகிவிட்டார். சிறையிலிருந்து செர்னிஷேவ்ஸ்கி எழுதிய 'செய்ய வேண்டியது என்ன?' நாவலில் (1863) தன் இன்பங்கள் அனைத்தையும் துறந்த புரட்சியாளனே அவர்களது இலட்சிய மனிதன். லெனின் 1902 இல் தனது நூலுக்கு அதே தலைப்பைச் சூட்டியமை தற்செயலன்று. 1869 இல் நெச்சாயேவ் என்பவர் தன் இரகசியக் குழுவின் மாணவர் ஒருவரைக் கொலை செய்வித்தார். தாஸ்தாயேவ்ஸ்கியின் ஒரு நாவலுக்கு இச்சம்பவமே கருவாயிற்று. அதே ஆண்டில், நெச்சாயேவை ஆதரித்த பழைய தோழர் பக்கூனினுக்கு ஹெர்சன் தன் இறுதிக் கடிதங்களை எழுதினார். வன்முறை இடத்தைத் துப்புரவாக்கலாம், கட்டியெழுப்ப முடியாது. உள்ளத்தால் விடுதலை பெறாத மக்களை வெளியிலிருந்து விடுவிக்க இயலாது என்பன அவற்றின் சாரம்.

இவ்விவாதம் ருஷ்யர்களோடு நின்றுவிடவில்லை. 1883 இல் கிரிமியாவில் 'தர்ஜுமான்' பத்திரிகையைத் தொடங்கிய இஸ்மாயில் காஸ்பிரின்ஸ்கியின் புதிய கல்விமுறை, பேரரசின் முஸ்லிம்களிடையே 'ஜதீத்' எனும் சீர்திருத்த இயக்கமாக வளர்ந்தது. படிப்படியான கல்விச் சீர்திருத்தமே அவரது வழி. 1917 க்குப் பின் அவ்வியக்கத்தவருள் பலர் புரட்சியின் வாக்குறுதியை நம்பினர். தாத்தாரிய பொல்ஷெவிக் தலைவர் சுல்தான் காலியேவ் முஸ்லிம் மக்களுக்கான தனித்த புரட்சிப் பாதையை வலியுறுத்தியதால் 1923 இல் கைதாகிக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1940 இல் சுடப்பட்டார். புகாரா மக்கள் சோவியத் குடியரசில் அமைச்சராகவிருந்த அறிஞர் ஃபித்ரத், கவிஞர் சோல்பான், உஸ்பெக் மொழியின் முதல் நாவலைப் படைத்த அப்துல்லா காதிரி ஆகிய மூவரும் 1938 ஒக்டோபர் 4 ஆம் நாள் தாஷ்கந்தில் கொல்லப்பட்டனர்.