தார் ரோட்டுக்கும் செம்மண் பாதைக்கும் ஒரே மோட்டார்

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கலாம். வேலைக்குப் போகத் தொடங்கிய மகன், கையில் நாலு காசு சேர்ந்ததும் "ஸ்க்ராம்ப்ளர் வாங்கப் போறேன்" என்கிறான். அம்மாவுக்குப் பயம். அப்பாவுக்குத் தவணைக் கவலை. மகனுக்கோ அந்த உயர்ந்த இருக்கையும், முன்சக்கரத்துக்கு மேலே தூக்கி நிற்கும் மட்கார்டும் கண்ணை விட்டு அகலவில்லை. மூவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவே மூவரும் சேர்ந்து படிக்கும்படியாகவே இதை எழுதுகிறோம்.

ஸ்க்ராம்ப்ளர் என்று நம் நாட்டில் எல்லாரும் பொதுவாகச் சொல்லும் வண்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பந்தயத் திடலுக்கென்றே செய்த வண்டி. அதற்கு விளக்கு இல்லை, சிக்னல் இல்லை, கண்ணாடி இல்லை. அதைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. இன்னொன்று, தார்ச் சாலையிலும் மண் பாதையிலும் ஓடக்கூடிய, பதிவு எண்ணும் சாலைவரியும் உள்ள வண்டி. நாம் பேசப் போவது இரண்டாவதைப் பற்றி.

இந்த வகை பரவலானது 1968இல். அந்த ஆண்டு யமஹா கம்பெனி டிடி-1 என்ற வண்டியை விற்பனைக்கு விட்டது. 246 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக் எஞ்ஜின், ஒரே சிலிண்டர். அதற்கு முன்பு மண் பாதைக்கென்று பலரும் வைத்திருந்தது, கனமான சாலை வண்டியில் புகைக்குழாயை மட்டும் உயர்த்திக் கட்டியதுதான். டிடி-1 எடை குறைவாக இருந்தது. அதனால்தான் வெற்றி பெற்றது. 1972இல் ஹோண்டா நான்கு ஸ்ட்ரோக் எஞ்ஜினுடன் எக்ஸ்எல் 250ஐக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்று வரை இந்த வண்டிகளின் உயிர்நாடி ஒன்றே ஒன்றுதான்: எடை குறைவாக இருக்க வேண்டும்.

இது உங்களுக்குத் தேவையா?

கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் நீங்கள் போகும் பாதையைக் கவனித்து வாருங்கள். வீட்டிலிருந்து பெரிய சாலை வரை ஒரு கிலோமீட்டர் செம்மண், மற்றதெல்லாம் தார் என்றால், உங்களுக்கு ஸ்க்ராம்ப்ளர் வேண்டியதில்லை. நல்ல டயர் போட்ட கப்சாய் போதும். விலையும் குறைவு, எண்ணெய்ச் செலவும் குறைவு, உதிரிபாகம் எந்தச் சிறு பட்டணத்திலும் கிடைக்கும்.

ஆனால் தினமும் செம்பனைத் தோட்டத்துக்குள் போகிறவர்கள் கதை வேறு. பால்மரம் போய்ச் செம்பனை வந்த இடங்களில் பாதையும் மாறிவிட்டது. குலை ஏற்றும் லோரிகள் போய்வந்து இரண்டு பக்கமும் ஆழமாகத் தடம் விழுந்திருக்கும். மழை பெய்தால் தடத்தில் தண்ணீர். வெயில் அடித்தால் புழுதி. ஓரத்தில் மட்டை முள். அந்தப் பாதையில் 21 அங்குல முன்சக்கரமும் நீளமான முன் ஃபோர்க்கும் ஆடம்பரமல்ல, அவசியம்.

எந்த வண்டி?

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். இங்கே அந்தப் பழமொழிக்குப் பொருள் பண அளவு மட்டுமல்ல, உடல் அளவும்தான்.

முதல் விதி: விழுந்தால் நீங்கள் தனியாளாகத் தூக்கி நிறுத்தக்கூடிய வண்டியையே வாங்குங்கள். மண் பாதையில் வண்டி விழாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மாலை மழை, கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடம், கடைசி லோரியும் போய்விட்டது. அந்த நேரத்தில் உங்களுக்கு உதவப் போவது எஞ்ஜின் பலமல்ல, உங்கள் கைகால் பலம்தான். 2012இல் வந்த ஹோண்டா சிஆர்எஃப் 250எல் சுமார் 144 கிலோ. கவாசாகி கேஎல்எக்ஸ் 150 அதைவிடக் குறைவு. பெரிய பயண வண்டிகளோ 200 கிலோவைத் தாண்டும். அவை நெடுஞ்சாலையில் ராஜா; வாய்க்கால் ஓரச் சேற்றில் சாய்ந்துவிட்டால் இரண்டு ஆள் வேண்டும்.

இரண்டாவது, உயரம். இந்த வண்டிகளின் இருக்கை பெரும்பாலும் 83 முதல் 89 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஏறி உட்கார்ந்து, இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிறகு உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். உயரத்தைக் குறைக்க வழிகள் உண்டு. ஆனால் குறைக்கக் குறைக்கக் கல்லில் அடிவயிறு இடிக்கும்.

மூன்றாவது, உரிமம். மலேசியாவில் பி2 உரிமம் 250 சி.சி. வரைதான். 2021இல் வந்த சிஆர்எஃப் 300எல் வண்டியின் எஞ்ஜின் 286 சி.சி. பார்ப்பதற்குத் தன் அண்ணனான 250எல் போலவே இருக்கும். ஆனால் பி2 உரிமத்தோடு அதை ஓட்ட முடியாது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு எல்லை இன்னும் குறுகல்: 2பி உரிமம் 200 சி.சி. வரை, 2ஏ உரிமம் 400 சி.சி. வரை. ஆக, அங்கே 250 சி.சி. வண்டிக்கே 2ஏ வேண்டும். தகுந்த உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதிப் பணம் கேட்கும்போது கதவு சாத்தப்படலாம். முன்பணம் கட்டுமுன் உரிமத்தை எடுத்துப் பாருங்கள்.

நான்காவது, உங்கள் ஊர்ப் பட்டறை. அந்த மெக்கானிக்குக்கு இந்த வண்டி பழக்கமா, செயினும் பிரேக் பேடும் கிளச் கம்பியும் எத்தனை நாளில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உதிரிபாகத்துக்கு ஒரு மாதம் காத்திருந்தால், அந்த மாதம் முழுதும் வேலைக்கு எப்படிப் போவது?

பழைய வண்டி வாங்கும்போது

பழைய வண்டியைப் பார்க்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வடிகட்டிக்கு உள்பக்கம், எஞ்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாயில் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால், அந்த எஞ்ஜின் புழுதியைத் தின்றிருக்கிறது. விலை பேச வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அது சுத்தமாக இருந்தால், அடுத்து முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள். சக்கரங்களைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'கடகட' என்று ஆடினால் பேரிங் போய்விட்டது. கால் வைக்கும் இடத்தருகே ஃபிரேமில் விரிசல் அல்லது புதிதாக ஒட்டிய தடம் இருக்கிறதா? எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப்புகை நின்று நின்று வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது என்று பொருள். கடைசியாக, எஞ்ஜின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் பதிவுப் பத்திரத்தில் உள்ளவையேதானா, பழைய கடன் ஏதும் நிலுவையில் உண்டா என்று சரிபாருங்கள்.

வாங்கியபின் என்ன செய்வது?

கப்சாயை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது. மண்ணில் ஓடும் வண்டி அப்படியல்ல. வாரம் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள். பட்டறைக்குக் கொடுக்கும் வெள்ளியில் பெரும்பகுதி வீட்டிலேயே மிஞ்சும்.

காற்று வடிகட்டி: புழுதிக் காலத்தில் வாரா வாரம் பாருங்கள். ஸ்பாஞ்சு வடிகட்டியானால் மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். அமுக்கிப் பிழியலாம், துணி முறுக்குவது போல முறுக்கினால் கிழியும். நிழலில் உலர்த்தி, அதற்கென்று விற்கும் எண்ணெயைத் தடவி, மிச்சத்தைப் பிழிந்துவிட்டுப் பொருத்துங்கள். பெட்ரோலில் கழுவாதீர்கள், ஸ்பாஞ்சும் கெடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சில வண்டிகளில் காகித வடிகட்டி இருக்கும். அதைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

செயின்: இந்த வண்டிகளில் பின்சக்கரம் மேலும் கீழும் அதிக தூரம் ஏறி இறங்கும். அதனால் செயின் தொய்வும் சாலை வண்டியைவிடச் சற்று அதிகமாகவே இருக்க வேண்டும். எவ்வளவு என்று கையேட்டில் எழுதியிருக்கும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று இறுக்கிவிட்டால், பள்ளத்தில் விழும்போது செயின் இழுபட்டு எஞ்ஜின் பேரிங்கைக் கெடுக்கும். ஸ்ப்ராக்கெட் பற்கள் சுறாமீன் துடுப்புப் போல ஒரு பக்கமாக வளைந்துவிட்டால், செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் தின்றுவிடும். இன்னொன்று: எஞ்ஜின் ஓடும்போது துணியால் செயினைத் துடைக்காதீர்கள். துணியோடு விரலும் போய்விடும்.

ஸ்போக்: சிறு ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக் கேளுங்கள். 'டிங்' என்று ஒலித்தால் நல்லது. 'டப்' என்று மந்தமாக ஒலித்தால் தளர்ந்திருக்கிறது. கால் சுற்று, கால் சுற்றாக முடுக்குங்கள். நிறைய ஸ்போக் தளர்ந்திருந்தால் பட்டறைக்கே கொண்டுபோங்கள். சக்கரம் கோணினால் மறுபடி நேராக்குவது எளிதல்ல.

டயர்: சேற்றில் போகும்போது காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்புக் கிடைக்கும். ஆனால் 15 பவுண்டுக்குக் கீழே இறக்கினால், கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். தார்ச் சாலைக்கு வந்ததும் கையேட்டு அளவுக்கு ஏற்றிவிடுங்கள். ஒரு கைப்பம்பு, ஒரு ட்யூப், இரண்டு டயர் நெம்புகோல் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

எண்ணெய்: இந்தச் சிறு எஞ்ஜின்களில் ஒன்றரை லிட்டர் அளவில்தான் எண்ணெய் இருக்கும். அந்தக் கொஞ்ச எண்ணெய் எஞ்ஜின், கியர், கிளச் மூன்றையும் காக்கிறது. சேற்றிலும் புழுதியிலும் ஓட்டுகிறவர்கள் கையேட்டில் சொன்ன கெடுவில் பாதியிலேயே மாற்றிவிடுவது நல்லது. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் எண்ணெயை ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கலாம்.

பிரேக்: சேறு அரத்தைப் போல பிரேக் பேடை அராவும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கழுவும்போது: தண்ணீர்த் துப்பாக்கியைச் சக்கர பேரிங், ரேடியேட்டர், புகைக்குழாய் வாய் ஆகியவற்றுக்கு நேரே பிடிக்காதீர்கள். சேறு வெளியே போகும்; தண்ணீர் உள்ளே போகும்.

தண்ணீரைக் கடக்கும்போது

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதைப் பெரியவர்கள் நமக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலில் இறங்கி நடந்து பாருங்கள். முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். ஓடும் வெள்ளமானால் கணுக்காலே போதும், திரும்பிவிடுங்கள். மீறி வண்டி தண்ணீரில் விழுந்து அணைந்துவிட்டால், ஸ்டார்ட் பொத்தானில் மட்டும் கை வைக்காதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாமல் நிற்கும். உள்ளே இருக்கும் தண்டு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, எஞ்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

பெரிய சாலையில்

மண்ணில் வல்ல வண்டி தாரில் பலவீனமானது. கட்டை கட்டையாக உள்ள டயர், நனைந்த சாலையில் பிடிப்புக் குறையும். நிறுத்தத் தூரம் கூடும். வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடியின் மேலும் பிரேக் பிடித்தால் வழுக்கும். தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் அந்தத் திருப்பத்தில் டயரில் இன்னும் சேறு இருக்கும். முதல் அரைக் கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள்.

மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. 1973 முதல் தலைக்கவசம் கட்டாயம். 1992 முதல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். இவை அபராதத்துக்காகச் செய்த சட்டங்களல்ல. தோட்டத்துக்குள் போலீஸ் இல்லையே என்று தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்தால், அவர்கள் நம் பிள்ளைகளாக இல்லாவிட்டாலும் நிறுத்திச் சொல்லுங்கள். செம்பனைக் கட்டைக்கு யார் தலை என்று தெரியாது.

பெற்றோருக்கு ஒரு யோசனை. வேண்டவே வேண்டாம் என்று தடுப்பதைவிட, ஒரு நிபந்தனை போடுங்கள்: "காற்று வடிகட்டியைக் கழற்றி மாட்டவும், செயினைச் சரிபார்க்கவும், ட்யூப் மாற்றவும் கற்றுக்கொண்டு வா, பிறகு கையெழுத்துப் போடுகிறேன்." தன் கையால் வண்டியைத் திறந்து பார்த்தவனுக்கு அதன் பலவீனம் தெரியும். அது தெரிந்தவன் வேகத்தை யோசித்துத்தான் கூட்டுவான்.