கறுத்த விரலுக்குக் காரணம் வியாதியல்ல!



தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் வருகிறவர்கள், ஆதனக்கோட்டையில் ரோட்டோரம் முந்திரிப்பருப்பு விற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களது விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? நுனி கறுத்து, தோல் உரிந்திருக்கும். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்ததிலிருந்து கொட்டை உடைக்கும் என் கையும் அப்படித்தான்.

ஒரு விசேஷ வீட்டில் நான் நீட்டிய சந்தனத்தைத் தொடாமலே ஓர் அம்மா ஒதுங்கினார். "கையில என்னம்மா, தொத்து வியாதியா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டும்விட்டார். எனக்கு வாயே வரவில்லை. அவரைப் போல நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இது தொற்று வியாதியே இல்லை. முந்திரி ஓட்டு எண்ணெய் செய்கிற வேலை!

ஒரே கொட்டையில் இரண்டு எண்ணெய் இருக்கிறது. பருப்பில் இருப்பது நல்ல எண்ணெய். 100 கிராம் பருப்பில் சுமார் 45 கிராம் கொழுப்பு; அதில் பெரும்பகுதி, கடலை எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் உள்ள அதே ஒலியிக் அமிலம்.

ஓட்டுக்குள் தேனடை மாதிரி அறைகளில் இருப்பதோ பொல்லாத எண்ணெய். அதிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் பட்ட இடம் கொப்புளிக்கும். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். மாங்காய்ப் பாலும் சேராங்கொட்டையும் பட்டால் புண்ணாகிறதே, அவையெல்லாம் முந்திரியோடு ஒரே குடும்பம்தான். வறுக்கும்போது சூட்டில் அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை விட்டு, கார்டனாலாக மாறுகிறது. அதனால் கடுமை குறையுமே தவிர, அடியோடு போகாது. புகையும் கண்ணையும் தொண்டையையும் கரிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதே எண்ணெய்தான் வண்டிகளின் பிரேக் லைனிங்குக்கும் பெயின்ட்டுக்கும் போகிறது. மரத்தில் பூசினால் கரையானும் அண்டாது.

இந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் வேலைக்கு முன் கையில் விளக்கெண்ணெய் தடவி, மேலே சாம்பல் பூசிக்கொள்வோம். முடிந்ததும் தேங்காய் எண்ணெயால் நன்றாகத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கெட்டியான ரப்பர் கையுறை இன்னும் நல்லது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு உடைத்தால் வேலை ஓடாது, பருப்பும் நொறுங்கும். நொறுங்கிய பருப்புக்கு விலை குறைவு. அதனால் பலரும் வெறுங்கையோடுதான் உட்காருகிறோம்.

உங்களுக்கும் சில விஷயங்கள்: பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் பல்லால் கடிக்க விடாதீர்கள், உதடு வெந்துவிடும். ஓட்டை வீட்டு அடுப்பில் எரிக்காதீர்கள். கொப்புளம் பெரிதானால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். முந்திரிப் பழத்தின் கரகரப்புக்குப் பயந்து தூக்கிப் போடாதீர்கள். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் 'சி' அதில் உண்டு. கரகரப்பு டானினால் வருவது. உப்புத் தொட்டுச் சாப்பிட்டால் தெரியாது.

பாயசத்துக்கு முந்திரி வாங்கும்போது பேரம் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த வெள்ளைப் பருப்பு கறுத்த விரல் வழியாகத்தான் வந்தது என்பதை மட்டும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்களேன்!

- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.