அச்சில் ஏறிய உண்மைகள் – 9: பாகல்பூரின் கோணி ஊசி

சென்ற வாரம் பார்த்த நிருபர் அஸ்வினி சரின், 2,300 ரூபாய்க்கு ஒரு பெண்ணை விலைக்கு வாங்கி, மனித வணிகத்தை நாட்டின் முன் நிறுத்தியது 1981இல். அதற்குச் சில மாதங்கள் முன்பு, அதே 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழின் பாட்னா நிருபர் அருண் சின்ஹா கொண்டுவந்த செய்தி இன்னும் கொடியது.

பீகாரில் கங்கைக் கரையில் இருக்கிறது பாகல்பூர், பட்டுக்குப் பேர்போன ஊர். 1979 கடைசியிலிருந்து ஏறக்குறைய ஓராண்டுக் காலம், அங்கே போலீஸ் பிடியில் சிக்கிய முப்பதுக்கும் மேற்பட்டோர் இரு கண்களையும் இழந்தார்கள். கோணி தைக்கும் ஊசியால் கண்ணைக் குத்தி, அதன்மேல் ஆசிட் ஊற்றினார்கள். அந்த ஆசிட்டுக்குப் போலீஸார் வைத்திருந்த பெயர் 'கங்கா ஜல்'. பாதிக்கப்பட்டவர்களில் பலர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்.

இது ஊருக்குத் தெரியாமல் நடந்ததல்ல. தெரிந்தும் ஊர் வாய் திறக்கவில்லை. கொள்ளைக்காரர்களால் அலுத்துப்போன மக்களில் பலர் இதைத் தண்டனையாகவே பார்த்தார்கள். செய்தி வெளியாகி, சில போலீஸார் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, அவர்களுக்கு ஆதரவாகத் தெருவில் ஊர்வலம் போனார்கள். புலனாய்வு நிருபருக்கு ஆட்சியாளரும் அதிகாரியும்தான் எதிரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வாசகனே எதிரே நிற்கும்போது எழுதுவதுதான் என் கணக்கில் பெரிய துணிச்சல்.

சின்ஹாவுக்குச் சிறைக்குள்ளிருந்து துணை நின்றவர் கண்காணிப்பாளர் பச்சு லால் தாஸ். பார்வை போனவர்கள் கடைசியில் வந்து சேர்வது அவருடைய சிறைக்குத்தான். அவர்கள் நிலையை அவர் மூடி மறைக்கவில்லை. அதற்காக அரசு அவரையே பணியிடைநீக்கம் செய்தது. பத்திரிகை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த மனிதருக்கு இரண்டு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே ஒருவர் கதவைத் திறக்காவிட்டால் வெளியே நிற்கிற நிருபர் என்ன செய்ய முடியும்?

1980 நவம்பரில் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. நாடாளுமன்றம் கொந்தளித்தது. வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் இவர்களுக்காக வாதாடினார். விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது. செய்தி வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, கண்ணிழந்த கைதிகள் தங்களுக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று மாவட்ட நீதிபதிக்கு மனு எழுதியிருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது.

அந்தப் பதிலை நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு ஏற்கவில்லை. ஏழைக் கைதியை முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் நாளிலிருந்தே அவனுக்கு இலவச வக்கீல் கிடைக்க வேண்டும், அந்த உரிமை இருப்பதை மாஜிஸ்திரேட்டே அவனிடம் சொல்ல வேண்டும், பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது தீர்ப்பு.

அந்நாளில் எக்ஸ்பிரஸின் நிர்வாக ஆசிரியராக இருந்த அருண் ஷோரி 1982இல் மகசேசே விருது பெற்றார். தகுதியான விருதுதான். ஆனால், சின்ஹாவின் பெயர் பத்திரிகை உலகுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. டெல்லியில் கண் மருத்துவர்கள் பரிசோதித்த அந்த மனிதர்களுக்கோ பார்வை திரும்பவேயில்லை.

(தொடரும்)