இஞ்சிவிளையில் 86-ஐத் தேடி

தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளையில் ஒரு டீயை முடித்துவிட்டு மேற்கே நடையைக் கட்டினால் சற்று நேரத்தில் இஞ்சிவிளை, கேரளம் வந்துவிடும். கடை போர்டில் எழுத்து மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். பேச்சு மட்டும் பாதி தமிழ், பாதி மலையாளமாக இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஓடும்.

மருத்துவத்திலும் முதியோர் பராமரிப்பிலும் சமூக சேவையிலும் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று அரசு கண்டுபிடிக்கும் வித்தையை எட்டிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று யாரும் தலை எண்ணுவதில்லை! கையில் டேப்லெட்டோடு வந்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு இது. 2025 ஜனவரியில் புது வடிவம் எடுத்து, நாடு முழுக்க 22,692 இடங்கள், இடத்துக்கு 12 வீடுகள் என்று பெருத்துவிட்டது. சிக்கிய வீட்டுக்கு நான்கு மாதம் தொடர்ந்து வருவார்கள். நாலாவது மாதம் நாய்கூடக் குரைக்காது.

கேரளத்தின் பாறசாலைப் பக்கத்து வீடொன்றில் பேச்சு இப்படிப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“சேச்சி வேலைக்குப் போறீங்களா?”

“இல்ல சாரே, சும்மாதான் இருக்கேன்.”

“போன வாரம் எங்கயுமே போகலையா?”

“ரெண்டு ராத்திரி ஒரு அம்மச்சிக்குத் துணைக்குப் போனேன். ரூபா தருவாவ.”

சிக்கிவிட்டது! ஏழு நாளில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலே அந்த வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். ‘சும்மா’வைத் தோண்டத் தெரியாத ஆள் வந்திருந்தால் ஒரு வேலை மாயமாகியிருக்கும்.

அடுத்து எண் போடும் படலம். எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். தேசியத் தொழில் வகைப்பாட்டில் மருத்துவத்துக்கு 86, தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்களுக்கு 87, தங்கும் வசதி இல்லாத சமூக சேவைக்கு 88. நம் சேச்சிக்கு அந்த அம்மச்சியின் மகனே நேரடியாகச் சம்பளம் தந்தால்? வீட்டு வேலையாட்களுக்கான 97-க்குள் போய் விழ வாய்ப்புண்டு. அதே கஞ்சி, அதே மாத்திரை. காசு யார் பையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத் துறையே மாறிவிடுகிறது.

சுகாதாரத் துறையின் ஆஷா பணியாளர்கள் விஷயம் இன்னும் சுவாரசியம். அரசின் ஏட்டில் அவர்கள் தன்னார்வலர்கள். வாங்குவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். அதைக் கூட்டித் தரச் சொல்லி 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ‘சேவை’ என்ற பதிலோடு கணக்கெடுப்பாளர் கிளம்பிவிட்டால் எத்தனை உழைப்பு காணாமல் போகும்!

எல்லை இன்னொரு கூத்து. தொழிலாளர் கணக்கெடுப்பு ஆளை வீட்டில் எண்ணுகிறது. பொருளாதாரக் கணக்கெடுப்போ நிறுவனத்தில் எண்ணுகிறது; ஆறாவது சுற்று 2013-14-இல் நடந்தது. பாறசாலையில் குடியிருந்து மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போகும் நர்ஸ் ஒன்றில் கேரளம், மற்றதில் தமிழ்நாடு. குழித்துறையிலிருந்து காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கு வருபவர் நேர் எதிர். துபாய்க்கோ ஜெர்மனிக்கோ போய்விட்டவர் இரண்டிலும் இல்லை. அவரைப் பிடிக்க 1998 முதல் கேரள இடப்பெயர்வு ஆய்வு என்று தனியாக ஒன்று தேவைப்படுகிறது.

காரக்கோணம் கல்லூரிக்குச் சாமர்வெல் பெயர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர், பிறகு நெய்யூரில் இருபது ஆண்டுக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தவர். அவர் காலத்தில் நெய்யூரும் காரக்கோணமும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்றுதான் நெய்யூர் தமிழ்நாட்டுக்கு, அதாவது அன்றைய சென்னை மாநிலத்துக்கு, வந்தது. நோயாளிகளும் நர்ஸுகளும் அந்த எல்லைக் கோட்டை இன்றுவரை பெரிதாகச் சட்டை செய்ததில்லை.

மறுபடி கணக்கெடுப்புக்கு வந்தால், பாறசாலைக்கென்று தனி எண் இந்தத் தொழிலாளர் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வராது. புது வடிவத்தில் மாவட்டம்தான் அடிப்படை அலகு. அதற்குக் கீழே பன்னிரண்டு வீட்டை வைத்துக்கொண்டு பஞ்சாயத்தின் நிலவரம் சொன்னால் சிரிப்பார்கள்.

மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கும் மருமகளுக்கு 86, 87, 88 எதுவும் கிடையாது. அவருக்கு, துறை எண் பட்டியலில் இல்லாமல் கணக்கெடுப்பின் நடவடிக்கை நிலைப் பட்டியலில், 92: வீட்டுக் கடமை மட்டும். அவரை வேறொரு வலை பிடிக்கிறது. 2024-இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குள் வீட்டாரைப் பராமரிக்கும் பெண்கள் நாளுக்கு 140 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 74. அதையும் பெண்களில் 41 சதவீதம் பேர் செய்தார்கள், ஆண்களில் 21 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த ஆண்களிடமும் “போன வாரம் என்ன செய்தீங்க?” என்று யாராவது சேச்சியைக் கேட்டதுபோலத் தோண்டிக் கேட்டால் நன்றாக இருக்கும்.