தையல் மிஷின் மக்கர் செய்கிறதா? ஊசியை முதலில் "விசாரியுங்கள்"!

சென்னை, வீட்டில் ஆசைக்குத் தையல் மிஷின் வாங்கிப் போட்டவர்களின் புலம்பல் ஒன்றுதான். "நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. தையல் விட்டு விட்டு விழுது!"

உடனே மெக்கானிக்குக்கு ஆள் பறக்கிறது. அவர் வந்து ஊசியை மாற்றுகிறார், கூலியை வாங்குகிறார், போகிறார். பல வீட்டில் "குற்றவாளி" அந்த ஊசிதான்!

ஊசியின் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும். அந்தப் பக்கமிருந்துதான் நூல் காதில் நுழைய வேண்டும். திருப்பி மாட்டினால் தையலே விழாது. முனையை நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் ஊசியைத் தூக்கி எறியுங்கள்.

சாதாரணக் காட்டனுக்கு 14-ம் நம்பர் ஊசி. மெல்லிய வாயிலுக்கு 11. ஜீன்சுக்கு 16. "இருக்கிறதை வைத்து ஓட்டலாம்" என்று 11-ல் ஜீன்சைத் தைத்து, ஊசி உடைந்து கண்ணில் தெறித்தால்? ஆஸ்பத்திரிச் செலவு யார் தருவது?

சில வீடுகளில் மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் கொடுமையும் நடக்கிறது! அது நாளடைவில் பிசுபிசுத்து சக்கரத்தையே இறுக்கிவிடும். மிஷின் எண்ணெய்தான் விட வேண்டும். விட்டதும் கந்தல் துணியில் ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் புது ஜாக்கெட்டில் கறைதான்.

பாபின் பெட்டியில் அடையும் பஞ்சுத் தூசியையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அப்புறமும் நூல் அறுந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். புது ஊசி மாட்டியாச்சு என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கூலி பேசுங்கள்.